சுவக்கீன் மாமாவின் இருபதாவது சாவு

சுவக்கீன் மாமா போன வருடம் வரைக்கும் பத்தொன்பது தடவை செத்திருந்தார். ஒன்பது தடவை சுட்டார்கள். ஐந்து தடவை மலை உச்சியிலிருந்து தள்ளினார்கள். மலை என்பது கோயில் பெஞ்சு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கம்பளி போர்த்தியது. இரண்டு தடவை விஷம் கலந்த காப்பி. ஒரு தடவை பாம்பு கடித்தது. அது செடிக்கு மருந்தடிக்கிற ரப்பர் குழாய். மிச்சம் இரண்டு தடவை எப்படிச் செத்தார் என்று யாருக்கும் தெரியாது, அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

எல்லாச் சாவுக்கும் தகுதியான ஆள்தான். நாட்டைக் காட்டிக்கொடுத்தவனுக்கு மாலையா போடுவார்கள்? அதுவும் ஒரு நாட்டை இல்லை, இரண்டு நாட்டை.

பீர்மேட்டுக்கு மேலே எங்கள் எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷனில் ஜனவரி மாதம் செபஸ்தியார் கோயில் திருவிழா வரும். திருவிழா என்றால் நாடகம். நாடகம் என்றால் ஒற்றர் நாடகம். மற்ற எஸ்டேட்டுகளில் புனிதர்களின் வாழ்க்கையை நடிக்கும்போது நாங்கள் மட்டும் ஏன் துப்பாக்கியோடு அலைகிறோம் என்று கேட்டால், அதற்குக் காரணம் பக்தி இல்லை. நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு வருடம் போடியிலிருந்து வாடகைக்கு எடுத்த நாடக உடுப்பு மூட்டை மாறி வந்துவிட்டது. அங்கிகளுக்குப் பதிலாக உள்ளே பட்டாளத்து உடுப்பு. மூட்டையை இறக்கிய ஜீப்பும் போடிமெட்டைத் தாண்டிப் போய்விட்டது. அப்போதிருந்த உபதேசியார் பொறுமையாக உட்கார்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் புதுக் கதை எழுதினார். அந்த நோட்டுதான் இன்றைக்கும் ஓடுகிறது. அதில் நடுவில் நான்கு பக்கம் கரையான் தின்றுவிட்டதால், கேப்டனின் மனைவி ஏன் திடீரென்று அழுகிறாள் என்பது மட்டும் யாருக்கும் புரிவதில்லை.

கதை எளிது. செம்மலை நாடு, கருமலை நாடு என்று இரண்டு நாடு. இரண்டுக்கும் சண்டை. நடுவில் விக்டர் என்று ஓர் ஒற்றன். காலையில் செம்மலைக்காரனுக்கு ஒரு ரகசிய வரைபடம் விற்பான். சாயங்காலம் அதே வரைபடத்தைக் கருமலைக்காரனுக்கும் விற்பான். அவனுக்கு ஒரு கோட்டு உண்டு. மாமாவின் மனைவி செபமாலையம்மாள் அத்தை தைத்தது. ஒரு பக்கம் பச்சை, திருப்பினால் நீலம். பச்சை செம்மலையின் நிறம், நீலம் கருமலையின் நிறம். மேடையின் நடுவில் நின்று ஒரே சுழற்றில் விக்டர் அதைத் திருப்பிப் போடும்போது, அத்தனை சனமும் ஒரே தொண்டையில் திட்டும். அந்தத் திட்டுக்காகவே முண்டக்கயத்திலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் பஸ் ஏறி வருவார்கள். கடைசியில் நேர்மையான கேப்டன் விக்டரைக் கொல்வார். கேப்டனாக ஃபாக்டரியில் ஃபிட்டர் வேலை பார்க்கும் வினோ அண்ணன். விக்டராகச் சுவக்கீன் மாமா. பத்தொன்பது வருடமாக இதில் மாற்றம் இல்லை.

திட்டு மேடையோடு முடியாது. திருவிழா முடிந்த திங்கட்கிழமை, தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் விக்டரை நிறுப்பது எங்கள் டிவிஷன் வழக்கம். ஜனவரிக் குளிரில் கொழுந்தும் குறைவு, தராசு சும்மாதான் தொங்கும். கொழுந்துக்காரப் பெண்கள் மாமாவை ஒரு பெரிய சாக்குக்குள் இறக்கி, நான்கு பேர் தூக்கிக் கொக்கியில் மாட்டுவார்கள். தினமும் அவர்கள் பறித்த கொழுந்திலிருந்து சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று எடையைக் கழிக்கிறார்களே, அந்தக் கோபத்தை அன்றைக்குத் தீர்த்துக்கொள்வார்கள். சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ, துரோகத்துக்குப் பத்து கிலோ. மாமா சாக்குக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, துரோகம் போன வருடம் எட்டுதானே என்று பேரம் பேசுவார்.

இனி நிஜ ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நிஜத்தில் மாமாவுக்குத் தப்பால், அதாவது தபால் சுமக்கிற வேலை. மெயின் ஆபீசுக்கும் எங்கள் டிவிஷனுக்கும் நடுவே காகிதப் பையைத் தூக்கிக்கொண்டு நாளைக்கு இரண்டு நடை. போகும் வழியில்தான் எங்கள் லயம். லயம் என்றால் ரயில் பெட்டி மாதிரி ஒட்டி ஒட்டி வீடுகள், மொத்தம் முப்பத்து நான்கு. பெண்கள் எட்டு மணிக்குத் தேயிலைக் காட்டுக்குப் போகும்போது வீட்டுச் சாவியை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். கேஸ் சிலிண்டர் வந்தால் அவர் திறந்து வாங்கி வைப்பார். மழை வந்தால் காயப்போட்ட துணியை எடுத்து உள்ளே போடுவார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு முன்னதாக வந்தால் திறந்துவிடுவார். ஒவ்வொரு சாவியிலும் ஒரு நிற நூல். முப்பத்து நான்கும் ஒரே வளையத்தில், அவர் இடுப்பில். அவர் வருவது இரண்டு வளைவுக்கு முன்னாலேயே கேட்கும். அதனால் அவரால் யாரையும் ஒளிந்து பார்க்கவே முடியாது. உலகத்தில் இப்படிச் சத்தம் போட்டுக்கொண்டு வரும் ஒற்றனை எந்த நாடும் வேலைக்கு வைக்காது.

இன்னொரு குறையும் உண்டு. மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் விக்கல் வரும். சின்னப் பொய்க்கு ஒன்று, பெரிய பொய்க்குத் தண்ணீர் குடித்தாலும் நிற்காது. எங்கள் டிவிஷனில் கைக்குழந்தைக்குக் கூட இது தெரியும். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பருந்துப்பாறையில் சுற்றிய காலத்தில், ஹெட்மாஸ்டர் என் அம்மாவுக்கு எழுதிய கடிதம் தப்பாலில் வந்தது. மாமா அதைப் பையிலேயே மூன்று நாள் வைத்திருந்தார். நான் கேட்கவில்லை, அவராகச் செய்தார். மூன்றாம் நாள் அம்மா, எங்களுக்கு ஏதும் கடிதாசி உண்டா என்று சும்மா கேட்டாள். இல்லை என்றார். பிறகு என்ன, கொட்டகை வரைக்கும் கேட்கிற விக்கல். அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். அடி எனக்கு, ஆனால் முகம் சிவந்தது அவருக்கு.

அதனால் அவர் வேறு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். மாரித்தாயக்கா வீட்டில் என்ன பார்த்தீர்கள் என்று யாராவது நூல் விட்டால், கோழி நல்லா இருக்கு என்பார். கோழி உண்மையிலேயே நல்லாத்தான் இருக்கும். முப்பத்து நான்கு வீட்டு உள்விஷயமும் தெரிந்த அந்த வாயிலிருந்து இத்தனை வருடத்தில் வெளியே வந்தது கோழி, துணி, சிலிண்டர் மட்டும்தான்.

இந்த ஆளுடைய ஒரே மகள் சோனாக்கா. பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலக்காய்க் கடையில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தாள். போடிமெட்டிலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிவருகிற ஜீப்பை ஓட்டுகிற ஜோமோனை அங்கேதான் பார்த்திருக்கிறாள். இருவருக்கும் பிடித்துவிட்டது. ஜோமோன் வீட்டில் சொல்லிவிட்டான். அவர்கள் முடியாது என்று சொல்லவில்லை. விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

எங்கள் பக்கம் விசாரிப்பு என்றால் அது ஓர் ஒற்று வேலை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் தனியாகக் கிளம்பி வருவார். பெண் வீட்டுக்கு நேராகப் போக மாட்டார். டீக்கடை, ரேஷன் கடை, கோயில் வாசல் என்று மூன்று இடத்தில் பெண்ணின் தகப்பனைப் பற்றிக் கேட்பார். யார் நீங்கள் என்று கேட்டால், கோயிலில் ஒரு வேண்டுதல், நேர்ச்சைக்கு வந்தேன் என்பார். எல்லா விசாரிப்பு ஆளும் நேர்ச்சைக்குத்தான் வருவார்கள். கடைசியில் பெண் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால் சம்பந்தம் சரி. சாப்பிடாமல் பஸ் ஏறினால் சரியில்லை. அவ்வளவுதான் சட்டம்.

இந்த வருடம் திருவிழா ஞாயிற்றுக்கிழமைக்கு ஜோமோனின் தாய்மாமன் பெர்சி வருகிறார் என்று சோனாக்காவுக்கு முந்தின வாரமே தகவல் வந்துவிட்டது. ஜோமோனே மெசேஜ் அனுப்பிவிட்டான். மாப்பிள்ளையே காட்டிக்கொடுக்கிற ஒற்று.

செபமாலை அத்தை அன்றைக்கே தொடங்கிவிட்டாள். லயத்தில் நடுச்சுவர் முக்கால் உயரம்தான், அதற்கு மேலே பேசுகிற பேச்செல்லாம் பொதுச் சொத்து.

“பொண்ணு கேட்டு வார வருசமும் துரோகியாத்தான் நிக்கணுமா? ஒரே ஒரு வருசம் நல்லவரா இருந்தா என்ன, தேஞ்சா போயிருவீக?”

“நல்லவனா நடிச்சுப் பழக்கம் இல்லியே, செபமால.”

“அப்ப பழகுங்க. முன்வரிசையில அந்த ஆள் உக்காந்திருப்பாரு. அவருக்கு முன்னால நாட்ட வித்துட்டு, பொறவு என் மகளக் கட்டிக்கோன்னு எந்த மூஞ்சியோட சொல்லுவீக?”

மறுநாள் சோனாக்கா என்னிடம் வந்து, “டின்டு, நீதான நோட்டப் பாத்துச் சொல்லிக் குடுக்க. அப்பா தடுமாறாமப் பாத்துக்க,” என்றாள். மேடைக்கு அடியில் ஒளிந்து உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுப்பது மூன்று வருடமாக என் வேலை. பார்த்துக்கொள்கிறேன் என்று செபஸ்தியார் மேல் சத்தியம் செய்தேன்.

ஆக வேடம் மாறியது. சுவக்கீன் மாமா கேப்டன், வினோ அண்ணன் விக்டர். ஒத்திகையில் வினோ அண்ணன் கோட்டைத் திருப்பிப் போட்டது, குளித்துவிட்டு ஈரச் சட்டை மாட்டுவது போல இருந்தது. மாமா ஓர் ஓரமாக நின்று அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டன் தொப்பி அவர் காது வரைக்கும் இறங்கியிருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெர்சி வந்தார். புதுக் குடை, இஸ்திரி போட்ட சட்டை, யாரிடமும் பேசாமல் எல்லாரையும் பார்க்கிற கண். நேர்ச்சை என்றார். நல்லது என்றோம். சுவக்கீனைப் பற்றி வெளியாள் கேட்டால் தங்கம் என்று சொல்ல வேண்டும் என மாரித்தாயக்கா ஏற்கெனவே லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். மாரித்தாயக்கா கொழுந்துக்காரப் பெண்களுக்குத் தலைவி மாதிரி. அவள் மாரியம்மன் கோயில்காரிதான், ஆனாலும் செபஸ்தியார் நாடகத்தில் முதல் பெஞ்சு அவளுக்கு. டீக்கடையில் தங்கம் என்றார்கள். ரேஷன் கடையில் தங்கம் என்றார்கள். கோயில் வாசலில் என்னைக் கேட்டார். நான் கொஞ்சம் கூட இருக்கட்டும் என்று, சுத்தத் தங்கம் என்றேன். மனிதர் முகம் வாடிவிட்டது. மூன்று இடத்திலும் ஒரே பதில் வந்தால் எந்த ஒற்றனுக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்.

ராத்திரியில் யானை இறங்க ஆரம்பித்ததிலிருந்து எங்கள் நாடகம் பூசை முடிந்த கையோடு மூன்று மணிக்கே தொடங்கிவிடும். கோயில் சாமியாரை நாங்கள் மலையாளத்துப் பழக்கத்தில் அச்சன் என்போம். முன்வரிசையில் அச்சன், பக்கத்தில் பெர்சி, அவருக்கு அடுத்து செபமாலை அத்தை, சோனாக்கா.

முதல் காட்சி. கேப்டன் சத்தியம் செய்ய வேண்டும். மாமா நடந்து வந்தார். இடுப்பில் முப்பத்து நான்கு சாவியும் சலசலத்தன. திருவிழாச் சேலையில் சாவி வைக்க ஏது இடம்? அன்றைக்கும் எல்லா வீட்டுச் சாவியும் அவரிடம்தான். கேட்பதற்கு மெடல் குலுங்குவது போல நன்றாகத்தான் இருந்தது.

“என் உடலில் உயிர் உள்ளவரை,” என்றார் மாமா, “இந்த மண்ணை நான் ஒருபோதும்…”

விக்.

நான் கீழேயிருந்து, காட்டிக்கொடுக்க மாட்டேன், காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று எடுத்துக்கொடுத்தேன்.

“காட்டிக்கொடுக்க” விக் “மாட்டேன்.” விக்.

பெர்சி அச்சன் பக்கம் சாய்ந்து, யாரோ நினைக்கிறார்கள் போலிருக்கிறது என்றார். அச்சன் வானத்தைப் பார்த்தார். அவரும் பொய் சொல்லக் கூடாதே.

பத்தொன்பது வருடம் விக்டராக நின்று பொய் மேல் பொய்யாக அடுக்கியபோது மாமாவுக்கு ஒரு விக்கல் வந்ததில்லை. அது எல்லாருக்கும் தெரிந்த துரோகம், அதில் யாரும் ஏமாறவில்லை. இன்றைக்கு முன்வரிசையில் ஒருவர் ஏமாற வேண்டும் என்பதற்காக நல்லவராக நிற்கிறார். அவர் மறந்தாலும் தொண்டை மறக்கவில்லை.

இரண்டாம் காட்சியில் நிலைமை மோசமானது. தளபதி கேப்டனிடம் ரகசிய வரைபடத்தைக் கொடுத்து, உன்னை நம்பித் தருகிறேன் என்று சொல்ல வேண்டும். தளபதியாக ஃபாக்டரி வாட்ச்மேன் நல்லமுத்து அண்ணாச்சி. அவர் வரைபடத்தை நீட்டினார். மாமா கை நீட்டினார். முதல் பெஞ்சிலிருந்து மாரித்தாயக்கா எழுந்துவிட்டாள்.

“தளபதி, குடுக்காதீக. அந்த ஆள நம்பாதீக. விக்கலு கேக்கலியா ஒமக்கு?”

அவள் வேண்டுமென்று செய்யவில்லை. காலையில் தங்கம் என்று சொன்ன அதே வாய்தான். ஆனால் பத்தொன்பது வருடமாகச் சுவக்கீன் கைக்கு வரைபடம் போன ஒவ்வொரு தடவையும் நாடு அழிந்திருக்கிறது. பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. அவளைத் தொடர்ந்து பின்வரிசையும் எழுந்தது. சுவக்கீனை நம்பாதே, வித்துருவான், ரெண்டு பக்கமும் வித்துருவான் என்று கோயில் முற்றமே கத்தியது. பெர்சி மெதுவாகத் தலையைத் திருப்பி, காலையில் தங்கம் என்று சொன்ன முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். டீக்கடைக்காரரும் கத்திக்கொண்டிருந்தார். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நல்லமுத்து அண்ணாச்சிக்குக் குழப்பம் வந்து வரைபடத்தைத் தன் சட்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

மூன்றாம் காட்சி கோட்டுக் காட்சி. வினோ அண்ணன் பச்சைக் கோட்டைத் தோளில் போர்த்தியபடி வந்தார், வசனம் சொன்னார், கோட்டை உருவி ஒரு சுழற்றுச் சுழற்றி நீலப் பக்கத்தை மாட்டப் போனார். வலது கை உள்ளே போனது, வெளியே வரவில்லை. கோட்டின் கை நுனியை யாரோ தைத்துவிட்டிருந்தார்கள். யார் என்று இன்றைக்கு வரை தெரியவில்லை. நீல நூல் எங்கள் வீட்டிலும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் நீல நூல் யார் வீட்டில் இல்லை?

வினோ அண்ணன் கையில்லாத சட்டைப் பொம்மை மாதிரி மேடையைச் சுற்றினார். சனம் சிரிக்க ஆரம்பித்தது. திட்ட வேண்டிய இடத்தில் சிரிப்பு. மேடை ஓரத்தில் நின்ற மாமா என்னைக் குனிந்து பார்த்தார். அடுத்த வசனத்துக்காகப் பார்க்கிறார் என்று நினைத்து நோட்டைப் புரட்டினேன். அவர் வசனம் கேட்கவில்லை. முன்வரிசையில் பெர்சியை ஒரு தடவை, சோனாக்காவை ஒரு தடவை பார்த்தார். பிறகு கேப்டன் தொப்பியைக் கழற்றி நல்லமுத்து அண்ணாச்சி தலையில் வைத்துவிட்டு நடுமேடைக்கு வந்தார்.

“குடுடே அத,” என்றார். இது நோட்டில் இல்லை.

கோட்டை வாங்கினார். தையலை ஓர் இழுப்பில் பிய்த்தார். ஒரே சுழற்று. பச்சை நீலமானது. கழுத்துக் கொஞ்சம் சாய்ந்தது, ஒரு புருவம் ஏறியது, வாயோரத்தில் அந்தச் சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

“கேப்டன் என்று நம்பினீர்களா? செம்மலையே, உன் உப்பையும் தின்றேன். கருமலையே, உன் சோற்றையும் தின்றேன். இரண்டு கொடிக்கும் நான்தான் கம்பம்.”

விக்கல் இல்லை. ஒரு சின்ன விக்கல் கூட இல்லை. நாங்கள் சொன்னோமே, அப்பவே சொன்னோமே என்று முற்றம் அதிர்ந்தது. தாங்கள் நினைத்தது சரியாகப் போனதில் ஒவ்வொருவருக்கும் அத்தனை சந்தோசம். இதுவரை எந்த விக்டரும் இப்படித் திட்டு வாங்கியதில்லை. நல்லவனாக ஒரு மணி நேரம் நின்று ஏமாற்றிய துரோகி அல்லவா.

மாரித்தாயக்கா திட்டிக்கொண்டே மேடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். இடுப்பில் மகள் பெற்ற குழந்தை, அது வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. “நீ வெளங்குவியா, நாட்ட வித்த பயலே, ஒனக்கு நல்ல சாவு வருமா,” என்று சொன்ன அதே மூச்சில், கையை மேலே நீட்டி, “பாலு வீட்டுல இருக்கு, சாவியக் குடும்,” என்றாள்.

மாமா வில்லன் சிரிப்பின் பாதியில் இருந்தார். சிரிப்பை நிறுத்தவில்லை. இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனார். பார்க்காமலேயே முப்பத்து நான்கில் ஒன்றை விரலால் தடவி எடுத்தார். மஞ்சள் நூல் சாவி. வளையத்திலிருந்து கழற்றி அவள் கையில் போட்டுவிட்டு, மிச்சச் சிரிப்பைச் சிரித்து முடித்தார். மாரித்தாயக்கா சாவியோடு போகும்போதும் திரும்பித் திரும்பித் திட்டிக்கொண்டே போனாள்.

பிறகு சாவு. வினோ அண்ணனுக்குக் கேப்டன் தொப்பியை யாரோ மாட்டிவிட்டார்கள், அவர் சுட்டார். மாமா மலையிலிருந்து விழுந்தார். இருபது.

கைதட்டு அடங்கி நான் மேடைக்கடியிலிருந்து வெளியே வந்தபோது, முன்வரிசையில் பெர்சியின் நாற்காலி காலியாக இருந்தது. புதுக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் வளைவில் வேகமாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். கடைசிக் குமுளி பஸ் ஹாரன் அடித்தது. அத்தை வீட்டில் கோழி வறுத்து, ஆப்பம் சுட்டு, இலை கழுவி வைத்திருந்தாள். அவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சாப்பிடாமல் பஸ் ஏறினால் என்ன அர்த்தம் என்று முன்னாலேயே சொன்னேன்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் அடுத்த வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மாமாவின் குரல் கேட்டது.

“தப்புப் பண்ணிட்டேன் தாயி. இன்னும் ஒரு மணி நேரம் பல்லக் கடிச்சிருக்கலாம்.”

சோனாக்கா பதில் சொன்னாள். “கோட்டப் போட்ட பொறவுதான்ப்பா உங்க மூஞ்சி உங்க மூஞ்சி மாதிரி இருந்துச்சு. அதுக்கு முன்ன யாரோ போல இருந்தீக.”

சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கோழி வறுவல் எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வந்திருந்தது. அதைத் தொடக்கூட இல்லை. நம்ப மாட்டீர்கள், ஆனால் உண்மை.

மறுநாள் திங்கட்கிழமை. கொட்டகையில் ஒரு பிரச்சினை வந்தது: யாரை நிறுப்பது? வேடம் வினோ அண்ணனுக்கு, துரோகம் மாமாவுக்கு. மாரித்தாயக்கா தீர்ப்புச் சொன்னாள், கோட்டு யார் மேல் இருந்ததோ அவர்தான். மாமாவுக்கு அன்றைக்கு விளையாட்டில் மனசில்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொன்னால் விக்கல் வருமோ என்னவோ, பேசாமல் சாக்குக்குள் இறங்கினார். தூக்கிக் கொக்கியில் மாட்டினார்கள். அவர் பாட்டுக்கு மெதுவாகச் சுற்றினார்.

எங்கள் டிவிஷனில் மொபைல் ரேஞ்சு கிடைப்பது அந்தக் கொட்டகையில் மட்டும்தான். அதனால் அங்கே எந்தப் பேச்சும் தனிப் பேச்சாக இருக்க முடியாது. மாமா அந்தரத்தில் தொங்கும்போது சாக்குக்குள் போன் அடித்தது. கையை வெளியே எடுக்க முடியாமல் அவர் நெளிய, மாரித்தாயக்கா உள்ளே கைவிட்டு எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

“சம்பந்தியா பேசுதது?” என்றது போன்.

சம்பந்தி என்ற சொல்லை யாரும் சும்மா சொல்வதில்லை. சோனாக்கா வாசலில் நின்றிருந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆமா,” என்றார் மாமா. தலை கொஞ்சம் வடக்கே சுற்றியது.

“பெர்சிதான் பேசுதேன். நேத்துச் சாப்புடாம வந்துட்டேன், மனசுல வச்சுக்கிடாதீக. கடைசி பஸ்ஸ விட்டிருந்தா பொறவு யானைகிட்டத்தான் விசாரிச்சிருக்கணும். ஆப்பத்த அடுத்த வாரம் வந்து தின்னுக்கிடுதோம், ஆறு பேரு வாரோம்.” கொஞ்சம் நிறுத்தினார். “உள்ளதச் சொல்லணும்லா. மூணு எடத்துல கேட்டேன், பேசி வச்ச மாதிரி தங்கம்னாக. எனக்கு ஒப்பல. பொறவு நாடகத்துல ஊரே சேந்து உங்கள நம்பாதேன்னு கத்துது. கத்துன பொம்பளையே கைய நீட்டி வீட்டுச் சாவி வாங்கிட்டுப் போறா. உங்க இடுப்பப் பாத்தா ஊருச் சாவி பூரா அங்கதான் தொங்குது. அதுக்கு மேல விசாரிக்க என்ன இருக்கு?”

எல்லாரும் மாரித்தாயக்காவைப் பார்த்தார்கள். அவள் கூரையைப் பார்த்தாள்.

“வழக்கத்துக்கு ஒண்ணு கேக்கணும்,” என்றார் பெர்சி. “உங்களுக்கு மனசாரச் சம்மதந்தான?”

“சம்மதம்,” என்றார் மாமா.

கொட்டகையில் முப்பது பெண்களும் நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஒன்று, இரண்டு, மூன்று. விக்கல் வரவில்லை. சோனாக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“நல்லது. ஒரே மக. இங்க அனுப்பிட்டு அவ இல்லாம இருந்துக்கிடுவீகளா?”

“அதுக்கென்ன, இருந்துக்கிடுவேன்,” என்றார் மாமா.

விக்.

யாரும் சிரிக்கவில்லை முதலில். அடுத்ததும் வந்தது. அடுத்ததும். சாக்கு குலுங்கி, தராசு முள் மேலும் கீழுமாகத் துள்ளியது. மாரித்தாயக்காதான் முதலில் சிரித்தாள், பிறகு கொட்டகையே சிரித்தது. சோனாக்கா சிரித்துக்கொண்டே ஓடிவந்து சாக்கோடு சேர்த்து அவரைக் கட்டிப்பிடித்தாள். அவள் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்கவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கும் கண்ணில் ஏதோ தூசி.

“யாரோ நினைக்காக போல, சம்பந்தி. தண்ணி குடிங்க,” என்றது போன்.

இந்த வருடம் துரோகத்துக்கு எத்தனை கிலோ கழிப்பது என்று மாரித்தாயக்கா கேட்டதற்கு ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். முள் நின்றால்தானே கழிக்க முடியும்? மாமா சாக்குக்குள்ளிருந்து விக்கலுக்கு நடுவே கெஞ்சினார்.

“மொதல்ல எறக்கி விடுங்கடி. சாவி குத்துது.”